சீட்டில்லாதவரும் ஏறும் கூரை

1959 பிப்ரவரியில் நார்வேயின் தேசிய ஓபரா தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியபோது அதற்குச் சொந்தமாக ஒரு கூரை கிடையாது. முதல் இயக்குநர் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட். நியூயார்க்கிலும் லண்டனிலும் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபரா நாயகிகளாக நின்று உலகையே தன் குரலுக்குக் காத்திருக்க வைத்தவர். தாய்நாட்டில் அவருடைய குழுவுக்குக் கிடைத்தது ஒஸ்லோவின் யங்ஸ்டோர்கெட் சதுக்கத்தில் இருக்கும் ஃபோல்கெதியேட்டர் அரங்கு. உழைக்கும் மக்களுக்கும் கலை வேண்டும் என்று தொழிலாளர் இயக்கம் 1930களில் எழுப்பிய கட்டடம் அது. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் அந்த மேடை ஓபராவை மனத்தில் வைத்துக் கட்டியதல்ல. பல ஆண்டுகள் அங்கே சினிமாதான் ஓடியது. அந்த இரவல் வீட்டில் ஓபராவும் பாலேயும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு குடியிருந்தன.

புதுக் கட்டடம் எங்கே என்பதில் நெடுநாள் இழுபறி. நகரின் மேற்கே, பழைய ரயில் நிலைய வளாகத்தில் கட்ட வேண்டும் என்றது ஒரு தரப்பு. 1999-இல் நாடாளுமன்றம் கிழக்கே இருந்த பியோர்விகாவைத் தேர்ந்தெடுத்தது. ஒஸ்லோவில் மேற்கு வசதி படைத்தோரின் பக்கம், கிழக்கு தொழிலாளர் பக்கம் என்பது பழைய பிளவு. பியோர்விகா அன்று துறைமுகப் பொருள்களும் நெடுஞ்சாலையும் அடைத்துக்கொண்டிருந்த இடம். நகரத்தார் காலாற நடந்து கடலைத் தொட வழியில்லை. ஆகவே அந்த முடிவைக் கட்டடத்தைவிடத் துணிச்சலானதாக நான் மதிக்கிறேன்.

கட்டட வடிவமைப்புப் போட்டியில் வென்றது ஸ்னோஹெட்டா நிறுவனம். 2008 ஏப்ரல் 12-இல் மன்னர் ஐந்தாம் ஹரால்டு திறந்துவைத்த அந்தக் கட்டடத்தின் கூரை, கடல் நீரிலிருந்தே சரிவாக எழுகிறது. இத்தாலியின் கராரா பளிங்கு பாவிய சரிவு. சீட்டு வாங்காத எவரும் அதில் ஏறி உச்சிவரை போகலாம். ஊருக்கே பொதுவான மொட்டைமாடி. காட்டிலும் மலையிலும் யாரும் நடக்கலாம் என்ற உரிமையை 1957-இல் சட்டமாக எழுதிய நாடு இது. அந்த உரிமையை நகரின் நடுவில், அதுவும் ஓர் அரசுக் கட்டடத்தின் தலைமேல் கொண்டுவந்து வைத்தது பெரிய காரியம். நகரின் கிழக்கே குரூருட்டாலன் பக்கம் வாழும் ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையும் ஓபரா ரசிகரும் அங்கே ஒரே கல்லில் உட்காரலாம்.

உள்ளே நுழைந்தால் கண் போவது ஓக் மரத்தாலான அலைச்சுவருக்கு. முன்கூடத்தையும் அரங்கையும் பிரிக்கும் இந்த வளைவுகளைச் செய்தவர்கள் படகு கட்டும் தச்சர்கள். மரத்தை வளைத்து இழைக்கும் நுட்பம் கடலோரத் தொழிலில் தலைமுறைகளாக இருந்தது. கட்டடக் கலைஞர்கள் அதைத் தேடிப்போய்ப் பிடித்தார்கள். ஏறத்தாழ 1,360 பேர் அமரும் பெரிய அரங்கு குதிரைலாட வடிவம். அங்கும் ஓக்தான், ஆனால் அம்மோனியாவால் கருமையேற்றியது. மாடங்களின் முகப்பு வளைவுகள்கூட ஒலி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற கணக்கில் செதுக்கியவை. ஒலிபெருக்கி இல்லாத குரல் கடைசி வரிசையையும் எட்ட வேண்டுமே! முன் இருக்கையின் முதுகில் உள்ள சிறு திரையில் பாட்டின் பொருள் ஓடுகிறது. இது தவிர 400 பேருக்கான இரண்டாம் அரங்கு, ஒத்திகை மேடைகள், தையலும் தச்சும் நடக்கும் பட்டறைகள் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள். மேடையின் கீழ்ப்பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே இறங்குகிறது. ஃபிளாக்ஸ்டாட் இதில் நின்று பாடியிருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. வாசல் சதுக்கத்துக்கு அவர் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள்.

2010-இல் கடலடிச் சுரங்கம் திறந்ததும் நெடுஞ்சாலை வாகனங்கள் கண்ணிலிருந்து மறைந்தன. 2020-இல் டைக்மன் நூலகமும் 2021-இல் ஓவியர் மூங்க்கின் புதிய அருங்காட்சியகமும் பக்கத்தில் வந்தன. அலுவலகக் கோபுரங்களும் விலையுயர்ந்த அடுக்ககங்களும் கூடவே முளைத்தன. கூரையில் உட்கார்ந்து மாலை வெயில் காயும் கிழக்கு ஒஸ்லோக்காரர்களில் பலருக்கு அங்கே வீடு வாங்கக் கட்டுப்படியாகாது. இந்தக் குறையைச் சொல்லாமல் அந்தக் கூரையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

யங்ஸ்டோர்கெட்டின் பழைய அரங்கு பூட்டிக் கிடக்கவில்லை. ஓபரா வெளியேறிய அடுத்த ஆண்டே அங்கே இசை நாடகங்கள் தொடங்கிவிட்டன. அந்த மேடையின் அளவுக்கு அவை சரியாகப் பொருந்துகின்றன.