ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! சிக்கனம் எப்போது செலவாக மாறுகிறது?

மோகனூரில் இருந்து நாமக்கல்லுக்குச் சுமார் 18 கிலோமீட்டர். ‘அங்கே மளிகை விலை கம்மி’ என்று பைக்கை எடுத்தால், போய்வர 36 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், 80 ரூபாய் வண்டியிலேயே போய்விடும். மளிகையில் 60 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு வந்தால், உண்மையில் 20 ரூபாய் நஷ்டம்.

‘கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சிக்கனம் தப்பில்லை. ஆனால் கணக்கில் பாதியை மட்டும் பார்க்கும் சிக்கனம், கையைக் கடிக்கும். எங்கெல்லாம் அப்படி ஆகிறது?

ஃபேனுக்கு காயில் கட்டினா லாபமா?

பழைய சீலிங் ஃபேன் நின்றுபோனால் நம் ஊரில் முதல் வேலை, காயில் கட்டக் கொடுப்பதுதான். சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். புது பிஎல்டிசி ஃபேன் என்றால் 2,500 ரூபாய்க்கு மேல். காயில் கட்டுவதே லாபம் என்று தோன்றும்.

இப்போது கரண்ட் கணக்கைப் பார்க்கலாம். பழைய ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் போதும். தினமும் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் பழைய ஃபேனுக்கு 67 யூனிட். புதியதற்கு 27 யூனிட். ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் வித்தியாசம். மூன்று ஃபேன் என்றால் 120 யூனிட்.

இங்கேதான் தமிழ்நாட்டின் ஸ்லாப் முறை உள்ளே வருகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு தலா 2.25 ரூபாய். ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய் சலுகை போய்விடும். அந்த 100 யூனிட்டுக்கும் தலா 4.50 ரூபாய்.

விளைவு? 500 யூனிட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 2024 ஜூலையில் கட்டணம் கூடியதால் இன்றைய தொகை இன்னும் கொஞ்சம் அதிகம்தான்.

கோடையில் 560 யூனிட் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய கட்டணப்படியே பில் 2,430 ரூபாய். மூன்று ஃபேனையும் மாற்றி 440 யூனிட்டுக்கு வந்தால் 1,365 ரூபாய். ஒரு பில்லில் 1,065 ரூபாய் மிச்சம். கோடையில் இப்படி இரண்டு பில், மற்ற நான்கு பில்களில் இதில் பாதி மிச்சம் என்றாலே ஆண்டுக்கு 4,000 ரூபாயைத் தாண்டும். சுமார் 8,000 ரூபாய் போட்டு வாங்கிய மூன்று ஃபேன்களின் விலை, இரண்டு வருஷத்தில் திரும்பிவிடும்.

அப்போ எல்லாரும் மாத்திடணுமா?

அவசியமில்லை. இரண்டு மாதத்துக்கு 190 யூனிட் ஓடும் வீட்டில், ஒரு ஃபேனை மாற்றினால் ஒரு பில்லுக்கு 90 ரூபாய்தான் குறையும். போட்ட காசு திரும்ப நான்கு வருஷத்துக்கு மேல் ஆகும். 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு மிச்சமே பூஜ்ஜியம். அங்கே காயில் கட்டுவதுதான் சரியான முடிவு. ஒரே பழக்கம், ஒரு வீட்டில் சிக்கனம். இன்னொரு வீட்டில் நஷ்டம்.

கரும்பு வயலிலும் இதே கதை

கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் மோகனூருக்குக் கரும்பு புதுசு இல்லை. கரும்பை வெட்டிய பிறகு, அதே கட்டையில் இருந்து மீண்டும் தழைய விடுவது மறுதாம்பு. விதைக்கரணை, உழவு, நடவுக் கூலி எல்லாம் மிச்சம். நல்ல சிக்கனம்தான்.

ஆனால் மறுதாம்புக்கு என்றே சில வேலைகள் இருக்கின்றன. கட்டையைத் தரையோடு சீவ வேண்டும், முளைக்காத இடங்களில் நாற்று வைக்க வேண்டும், தழைச்சத்தை முதல் பயிரைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ‘நடவுச் செலவே இல்லையே, இதுக்கு எதுக்கு?’ என்று இவற்றையும் விட்டால், வயலில் இடைவெளி விழும், மகசூல் இறங்கும். சோகையைக் கொளுத்தினால் ஆள் கூலி மிச்சம்; ஆனால் ஈரம் காத்து, மக்கி உரமாக வேண்டியது சாம்பலாகிவிடும். மிச்சமாகும் கூலி உடனே கண்ணுக்குத் தெரியும். குறைந்த டன் கணக்கு, வெட்டும்போதுதான் தெரியும்.

714 ரூபாய் மிச்சம்... ஆனா?

பைக்கில் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது பலரின் பழக்கம். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், எஞ்சின் போர் வேலை வந்தால் ஆயிரக்கணக்கில் செலவு.

அதைவிட ஆபத்தானது இன்ஷூரன்ஸை விட்டுவிடுவது. 75 முதல் 150 சிசி வரையிலான பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம், 2022 ஜூனில் நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இது இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை அபராதமே 2,000 ரூபாய். அபராதத்தோடு முடிந்தால் அதிர்ஷ்டம். விபத்தில் ஒருவர் இறந்தால், தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டை வண்டி வைத்திருப்பவர் சொந்தக் காசில் கட்ட வேண்டிவரும். அது லட்சங்களில் போகலாம்.

தெரிஞ்சும் ஏன் மாத்த முடியல?

ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட், 1993-இல் வெளிவந்த ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் இதை ஒரு ஜோடி பூட்ஸை வைத்து விளக்கினார். காசு இருப்பவர் பல வருஷம் உழைக்கும் பூட்ஸை ஒரு தடவை வாங்குவார். இல்லாதவர் மலிவான பூட்ஸை திரும்பத் திரும்ப வாங்கி, கடைசியில் அவரைவிட அதிகம் செலவழிப்பார். இன்று இதை ‘பூட்ஸ் தியரி’ என்கிறார்கள்.

நம் ஊர் ஃபேனும் அப்படித்தான். தினக்கூலியில் ஓடும் குடும்பத்தால் 8,000 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடியாது. காயில் கட்டும் காசைத்தான் புரட்ட முடியும். இது அறியாமை இல்லை, கையில் ரொக்கம் இல்லாத பிரச்னை.

என்ன செய்யலாம்?

• மூன்று ஃபேனையும் ஒன்றாக மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடும் ஃபேனை முதலில் மாற்றலாம். அடுத்தது ரிப்பேர் ஆகும்போது அடுத்தது.

• கடைசி ஆறு இபி பில்களை எடுத்துப் பாருங்கள். 500-க்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ, அந்த மாதங்களில்தான் கவனம் தேவை.

• எதையும் தள்ளிப்போடும் முன் ஒரே கேள்வி: ‘இது கெட்டுப்போனால், அல்லது விபத்து நடந்தால், எவ்வளவு ஆகும்?’ பதில் சில நூறு என்றால் தள்ளிப்போடலாம். லட்சம் என்றால், அந்த 714 ரூபாயை இன்றே கட்டிவிடுங்கள்.