பாசறையில் பாட்டும் சிரிப்பும்

செகந்திராபாத் 1806-ஆம் ஆண்டில் படைவீடாகத் தோன்றிய நகரம். சென்னைப் படையுடன் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கேயே நிலைத்துவிட்டன. பாசறைவாசிக்குச் சோற்றுக்கு அடுத்தபடி வேண்டுவன பாட்டும் சிரிப்புமே என்பதை இவ்வூராருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தேவையையே பொருளாகக் கொண்டு 1944-இல் அமெரிக்காவில் வெளிவந்த இசைச்சித்திரம் ‘ஃபோர் ஜில்ஸ் இன் எ ஜீப்’. ஜீப் வண்டியில் நான்கு நங்கையர் என்று நாம் கூறிக்கொள்ளலாம்.

கதை முற்றும் கற்பனையன்று. 1942-ஆம் ஆண்டின் இறுதியில் கே பிரான்சிஸ், கரோல் லாண்டிஸ், மார்த்தா ரே, மிட்சி மேஃபேர் என்னும் நான்கு நடிகையர் அமெரிக்கப் படையினரை மகிழ்விக்கப் புறப்பட்டு, இங்கிலாந்துக்கும் பின்னர் வட ஆப்பிரிக்காவுக்கும் சென்றனர். அனுபவங்களை லாண்டிஸ் நூலாக எழுதினார். வில்லியம் சைட்டர் இயக்கிய படத்தில் நால்வரும் தத்தம் பெயரிலேயே தோன்றினர்.

ஆயினும், படத்தைக் காண்போருக்கு ஓர் உல்லாசப் பயணம் நடந்ததாகவே தோன்றும். காதலும் வாத்திய கோஷ்டியும் ஸ்டூடியோப் பளபளப்புமே அதில் மிகுதி. மற்றவர் ஊர் திரும்பிய பின்னும் மார்த்தா ரே ஆப்பிரிக்காவில் தங்கிப் பாடினார். லாண்டிஸோ, படம் வெளியான அதே ஆண்டில் தென் பசிபிக் தீவுகளிலிருந்த வீரர்களிடம் சென்று கடும் நோயுற்றார். லண்டனில் அவர் விமானப்படை அதிகாரி ஒருவரை மணந்தது படத்துக்கு உதவிற்று; 1945-இல் அத்திருமணம் முறிந்தது. களைத்த சிப்பாய்க்கு இவற்றையெல்லாம் காட்டுவானேன் என்று கேட்டால், அதுவும் நியாயமே.

போரைப் பாட்டும் கூத்துமாக்கும் இவ்வேலை நம் தமிழ்ப் படவுலகிலும் நடைபெற்றது. ஆனால் அரசாங்கத்தின் வற்புறுத்தலால். யுத்தகாலத்தில் கச்சா பிலிமுக்குக் கட்டுப்பாடு வந்தது. படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டலாகாது என்றாயிற்று. யுத்த முயற்சிக்கு ஆதரவான படங்களையும் முதலாளிகள் எடுக்க வேண்டியிருந்தது. 1945-இல் கே. சுப்ரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’, மாடர்ன் தியேட்டர்ஸாரின் ‘பர்மா ராணி’, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஜெமினியின் ‘கண்ணம்மா என் காதலி’ ஆகியவை இவ்வகையில் வெளிவந்தன.

பின்னிரண்டுக்கும் பர்மா யுத்தமே பின்னணி. 1942-இல் அந்நாட்டிலிருந்து காடும் மலையும் கடந்து கால்நடையாகவே தாயகம் வந்த தமிழர் ஆயிரக்கணக்கினர். வழியில் பசிக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் பலர். தப்பி வந்தவர்களுள் சிலரேனும், மூன்றாண்டு கழித்துக் கொட்டகையின் தரையில் அமர்ந்து, அதே பர்மாவைப் பாட்டோடு திரையில் கண்டிருப்பர்.