அம்பாசடர் கைப்பிடிக்கு குரோம் போடும் முன் ஒரு கணக்கு

தாத்தாவோட அம்பாசடரை மறுபடி ஓட வைக்கணும்னு ஆசையா? 2014-ல் உற்பத்தி நின்ன வண்டி. எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் கொட்டேஷன் வாங்கியிருப்பீங்க. கைப்பிடி, ஹப் கேப், லைட் ரிங், போல்ட் எல்லாம் சில்லறைதானேன்னு எழுதாம விட்டிருப்பீங்க. பட்ஜெட்ல துண்டு விழுறது அங்கேதான்.

முதல்ல ஒரு காந்தம் எடுங்க. நல்லா ஒட்டினா இரும்பு. பாலிஷ் போட்டு நிக்கல், அதுமேல குரோம் ஏத்தலாம். ஒட்டலைன்னா பித்தளையா, மசாக்கான்னு பிளேட்டிங் கடையில கேளுங்க. மசாக்ல குழி விழுந்திருந்தா சுரண்டி, செம்பு ஏத்தி, தேய்ச்சு, திரும்ப ஏத்தணும். குரோம் என்னவோ மெல்லிய படலம்தான். கூலி போறது இந்தத் தேய்ப்புக்கு. அதனால மசாக் பீஸுக்கு மட்டும் புதுசு என்ன விலைன்னு விசாரிச்சுட்டு முடிவெடுங்க.

கிளிப், பிராக்கெட், சாதா போல்ட்டுக்கு ஜிங்க் பிளேட்டிங் போதும். எண்ணி, போட்டோ எடுத்து, மொத்தமா ஒரே தடவை கொடுங்க.

பிரேக், ஸ்டீயரிங் போல்ட்டை மட்டும் அந்த மூட்டையில போட்டுடாதீங்க! ஹை டென்சைல் போல்ட்டை ஆசிட்ல முக்கி பிளேட்டிங் பண்ணும்போது ஹைட்ரஜன் உள்ளே இறங்கும். பளபளன்னு இருக்கிற போல்ட் ஒருநாள் பட்டுனு உடையலாம். அதுக்கு அதே கிரேடுல புதுசுதான், பேரமே வேண்டாம்.

மாட்டும்போது கைப்பிடிக்கு அடியில புது ரப்பர் பேக்கிங் வையுங்க. இல்லைன்னா தண்ணி இறங்கி, புது பெயிண்ட் அங்கிருந்தே உப்ப ஆரம்பிக்கும். பெயிண்டருக்கு மறுபடி கூலி.