களை என்று பிடுங்கும் முன்... கிள்ளிப் பாருங்கள்!

நான்கு நாள் மழை பெய்தால் போதும், மாடித்தோட்டத் தொட்டிகளில் விதைக்காமலேயே செடிகள் முளைத்துவிடும். களை என்று பிடுங்கி எறியும் அவற்றில் பருப்புக்கீரை, மூக்கிரட்டை, குப்பைக்கீரை, மணத்தக்காளி என்று குழம்புக்கும் பொரியலுக்கும் உதவுபவையும் உண்டு.

பருப்புக்கீரையின் தண்டும் இலையும் சதைப்பற்றானவை, லேசாகப் புளிக்கும். ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலம் கொண்ட கீரை இது. பாசிப்பருப்புடன் கடைந்தால் சூடான சோற்றுக்கு அருமை. வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும். தண்டை ஒடித்து நட்டாலும் வேர் பிடிக்கும்.

ஆனால், இதே போலத் தரையோடு படரும் சித்திரப்பாலாடையும் பக்கத்திலேயே முளைக்கலாம். தண்டைக் கிள்ளிப் பாருங்கள். பால் வடிந்தால் அது பருப்புக்கீரை அல்ல, சமைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால், கீரை அறிந்த பெரியவர்களிடம் காட்டிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள்.

பூச்சிமருந்து தெளித்த இடத்திலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்க வேண்டாம். இதில் ஆக்சலேட் அதிகம் என்பதால், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

இந்த மழைக்கு ஒரு தொட்டியை மட்டும் களை எடுக்காமல் விட்டுப் பாருங்களேன்!