வில்பத்து பார்க்கப் போறீங்களா?

தேயிலைக்குள் சிறுத்தை என்றால் நமக்குப் பயம். அதையே பிள்ளைகளோடு ஜீப்பில் இருந்து பார்க்கலாம், வில்பத்தில். 1938இல் தேசியப் பூங்காவான இந்தக் காடு, போர்க்காலத்தில் பல வருடம் மூடிக்கிடந்து 2010இல் மறுபடி திறந்தது.

கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுடன் சேர்ந்து போவதென்றால், பேலியகொடையில் தொடங்கும் வீதியில் சுமார் 120 கிலோமீற்றர் போனால் புத்தளம். அங்கிருந்து அனுராதபுரம் வீதியால் ஹுனுவிலகம வாசலுக்குப் போகலாம்.

காலை 6 மணிக்கே உள்ளே போனால்தான் மிருகம் தென்படும். ஆகவே முதல் நாள் இரவே புத்தளம் சேருங்கள். நாம் போகும் வானைக் காட்டுக்குள் கொண்டுபோக முடியாது. ஜீப் வாடகை தனி, டிக்கெட் தனி. தலைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே விசாரித்து, காசு சேர்த்த பிறகு புறப்படுவோம். இல்லாவிட்டால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

வெயில் மாதங்களில் 'வில்லு' என்ற மழைநீர்க் குளங்களுக்கு மிருகங்கள் தண்ணீர் தேடி வரும். நினைத்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்காதீங்க. பயமில்லாமல் பார்ப்பது அந்த ஒழுங்கினால்தான்.