காவிரிக் கரையும் கதைப் பெண்ணும்

ஒகேனக்கல் சென்று வந்தவர்கள் ஒரு காட்சியை நன்கறிவர். ஆண்மக்கள் அரையில் ஒரு துண்டுடன் பாறைமீது படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்கின்றனர். அதைக் கண்டு நாணுவார் எவருமிலர். சற்றுத் தள்ளிப் பெண்கள் அடுப்புப் புகையில் நின்று மீன் பொரிக்கின்றனர். நீராட வந்த பெண்களோ உடுத்த சேலையுடனேயே ஆற்றில் இறங்குகின்றனர். ஆணின் உடல் அவனுக்குச் சொந்தம். பெண்ணின் உடலோ ஊராரின் மானம். இதுவே நம் சமூகத்தின் எழுதாச் சட்டம்.

இச்சட்டத்தை மீறித் தற்கால நாவல்கள் பெண்ணுடலைப் பற்றிப் பேசுவது ஆபாசமென்று சில கனவான்கள் முறையிடுகின்றனர். இவ்வபிப்பிராயத்தை நாம் ஒப்புவதற்கில்லை.

பெண்ணின் அங்கங்களை வர்ணித்தல் தமிழுக்குப் புதிதன்று. புலவர்கள் கேசாதிபாதம் பாடியபோது எவரும் கூக்குரலிட்டாரல்லர். வர்ணிக்கப்பட்டவளே பேனாவை எடுத்ததுதான் புதுமை. 1994-இல் வெளிவந்த பாமாவின் 'சங்கதி', உழைத்துத் தேய்ந்தும் அடங்காத தலித் பெண்களைக் காட்டிற்று. 2004-இல் ஸல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', முஸ்லிம் இல்லங்களுக்குள் அடைபட்ட பெண்களின் ஆசையையும் நோவையும் உரைத்தது. இவை ஆடவர் கண்ணுக்கு இட்ட விருந்தல்ல. பெண் தன்னைத்தானே அறிந்துகொண்ட குறிப்புகளாம். அதே 2004-இல் ச. பாலமுருகன் எழுதிய 'சோளகர் தொட்டி', வீரப்பன் வேட்டையின் பெயரால் மலைவாழ் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை எடுத்துரைத்தது.

இவை கற்பனையென்று தள்ளுவோர் ஒகேனக்கல் அமைந்துள்ள அதே தருமபுரி ஜில்லாவின் வாச்சாத்தியை நினைவுகூர்வாராக. 1992 ஜூன் 20-ந் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்த ஸர்க்கார் சிப்பந்திகளால் அங்கே 18 பெண்கள் பலாத்காரத்துக்கு உள்ளாயினர். வழக்கில் 269 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர்; 54 பேர் தீர்ப்புக்கு முன்பே மாண்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளென்று தருமபுரிக் கோர்ட்டு 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் அதே தேதியில் சென்னை ஹைக்கோர்ட்டு அதனை உறுதிசெய்து, அப்பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் விதித்தது.

இந்நீதி எவ்வாறு கிட்டிற்று? தம் உடலுக்கு நேர்ந்ததை அப்பெண்கள் வாய்திறந்து சொன்னதாலன்றோ! அதைச் சொல்வது அடக்கமன்று என்று அவர்கள் மௌனம் சாதித்திருப்பின், குற்றவாளிகளே கண்ணியவான்களாக உலவியிருப்பர். கோர்ட்டில் சாட்சியமாக ஏற்கத்தக்க உண்மை கதையில் மட்டும் ஆபாசமாவது எங்ஙனம்?

எழுத்தாளர்களுக்கும் ஒரு சொல். பெண் வெறும் காயமல்லள். அவளை என்றென்றும் அழுகுரலாகவே தீட்டுவதும் ஒருவகைச் சிறையே. மீன் பொரிப்பவளின் சிரிப்பும் பிடிவாதமும் தன் கைக்காசின் கர்வமும் கதையில் இடம்பெற வேண்டும்.

தேசத்தை மாதாவாகவும் மொழியைத் தாயாகவும் போற்றி வணங்குகிறவர்கள் நாம். அத்தாய்க்கு நாம் சூட்டும் மாலை மெய்யானதாயின், உயிரும் உடலுமுள்ள பெண் பேசும்பொழுது செவிகளைப் பொத்திக்கொள்ளோம். முதலில் கேட்போம்; தீர்ப்பைப் பிறகு கூறுவோம்.