கையெட்டும் தூரத்தில் ஒரு சோதனை
வேட்டையும் மலையக முஸ்லிம் இளைஞரும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனது சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை போன்ற நகரங்களில் வாழும் நம் பிள்ளைகளுக்குத் தேயிலை மலையும் அதன் எல்லையில் நிற்கும் காடும் புதியவை அல்ல. விடுமுறை நாட்களில் உண்டிவில்லோடு புறப்படுவோர் உண்டு. நண்பர்கள் அழைத்தார்கள் என்று இரவில் காட்டோரம் செல்வோரும் உண்டு. அமெரிக்காவில் காட்டு வான்கோழியை வேட்டையாடும் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, நம் மலையிலும் காட்டுக்கோழி இருக்கிறதே என்று எண்ணுவோரும் இருக்கலாம். வேட்டை ஹலாலா, ஹராமா? ஹலால் என்றால் எந்த நிபந்தனைகளோடு? நாம் வாழும் இம்மண்ணில் அதன் நிலை என்ன? ஒரு முஃமின் காட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே விடை காண வேண்டிய கேள்விகள் இவை.

மார்க்கம் வகுத்த நிபந்தனைகள்

வேட்டை அடிப்படையில் ஆகுமானது. இதில் ஐயமில்லை. திருக்குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயமாகிய சூரத்துல் மாயிதா, பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ண அனுமதிக்கிறது. ஹஜ், உம்ராவுக்காக இஹ்ராம் அணிந்தவர் தரையில் வேட்டையாடுவதை அதே அத்தியாயம் தடை செய்கிறது. கடல் வேட்டை எந்நிலையிலும் ஆகுமானது என்றும் அது கூறுகிறது.

இதன் விளக்கங்களை நமக்குப் பெற்றுத் தந்தவர் அதீ இப்னு ஹாத்திம் (ரழி) அவர்கள். அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வேட்டை பற்றிப் பல கேள்விகள் கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ள அந்த விடைகளே வேட்டைச் சட்டத்தின் அடித்தளமாகும். எறியப்பட்ட கோலின் கூர்முனை பாய்ந்து இறந்த பிராணியை உண்ணலாம். கோலின் பக்கவாட்டு அடியால் இறந்ததை உண்ணலாகாது. வேட்டை நாயோடு வேறொரு நாயும் சேர்ந்துவிட்டால், எது கொன்றது என்று தெரியாததால் விட்டுவிட வேண்டும். அம்பு பட்ட பிராணி நீரில் விழுந்து இறந்து கிடந்தால், அம்பு கொன்றதா நீர் கொன்றதா என்ற ஐயத்தின் காரணமாக அதையும் விட்டுவிட வேண்டும்.

இளைஞர்களே, இந்த விடைகளில் பொதிந்துள்ள விதியைக் கவனியுங்கள். இறைச்சியின் விடயத்தில் ஐயம் வந்தால், முடிவு விலகிக் கொள்வதாகும். உறுதி கிடைக்கும்வரை அது ஹலால் ஆகாது.

ஆகவே உண்டிவில்லின் கல்லடியால் இறந்து விழுந்த பறவை உண்ணத் தகாதது. உயிரோடு கையில் கிடைத்து, அல்லாஹ்வின் பெயர் கூறி அறுக்கப்பட்டால் மாத்திரமே அது ஆகும். துவக்கின் ரவையால் இறந்த பிராணி குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. துளைத்துப் பாய்வதால் ஆகும் என்பர் சிலர். ஆகாது என்று கூறியோரும் உளர். உயிர் இருக்கும்போதே அறுத்துக் கொள்வதே பேணுதலான வழி. வேட்டையின்போது பிஸ்மில்லாஹ் கூறுவது ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்து. ஏனைய இமாம்கள் அதை நிபந்தனையாகவே கருதினர். எனவே அதில் அலட்சியம் கூடாது.

சுருக்குக் கம்பியின் இறைச்சி

மலையகத்தில் இன்று நடக்கும் வேட்டையில் பெரும்பகுதி துவக்கால் நடப்பதன்று. மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி போன்ற உறுதியான கம்பி ஒன்றைச் சுருக்காக வளைத்து, மரத்திலோ கட்டையிலோ கட்டி, பிராணிகள் நடமாடும் ஒற்றையடித் தடத்தில் மறைத்து வைத்து விடுகின்றனர். மரக்கறித் தோட்டத்தை அழிக்கும் காட்டுப்பன்றிக்காக வைத்தோம் என்பார்கள். ஆனால் கம்பிக்குக் கண் இல்லை. மரை, கேளையாடு, சிறுத்தை என்று அவ்வழியே வரும் எதையும் அது பிடித்துக்கொள்ளும். பிராணி எவ்வளவு திமிறுகிறதோ அவ்வளவுக்குக் கம்பி இறுகும். மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் அந்த வேதனை நீடிக்கும்.

2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பகுதியின் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று இவ்வாறு சிக்கியது. வனஜீவராசிகள் அதிகாரிகள் மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தும், சில நாட்களில் அது இறந்துவிட்டது. கம்பி வெளியே வெட்டுவதைவிட உள்ளே நசுக்குவதே அதிகம். மீட்கப்பட்ட பின்பும் பல சிறுத்தைகள் பிழைக்காமற் போவதற்கு இதுவே காரணம்.

இனி இறைச்சியின் சட்டத்தைப் பாருங்கள். சூரத்துல் மாயிதாவின் மூன்றாவது வசனம் ஹராமாக்கப்பட்டவற்றைப் பட்டியலிடும்போது, கழுத்து நெரிந்து செத்ததைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அடிபட்டுச் செத்ததும், உயரத்திலிருந்து விழுந்து செத்ததும் அதே வசனத்தில் இடம்பெறுகின்றன. சுருக்கில் இறந்த மரையின் இறைச்சி இதில் எந்த வகை என்பதை விளக்க வேண்டியதில்லை. உயிரிருக்கும்போது அறுத்துக் கொண்டவற்றுக்கு அவ்வசனம் விலக்கு அளிக்கிறது. ஆனால் நள்ளிரவில், யாரோ வைத்த கம்பியில், யாரோ எடுத்து வந்த இறைச்சிக்கு யார் சாட்சி?

பெற்றோரே, “காட்டிறைச்சி கிடைத்தது” என்று பொதியொன்று வீட்டு வாசலுக்கு வரும்போது, விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: அறுத்தவர் யார்? எப்போது அறுத்தார்? சிலர் ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைக் காட்டி, பிஸ்மில்லாஹ் கூறி உண்டுவிடலாம் என்பர். அந்த ஹதீஸ் புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய மக்கள் அறுத்துக் கொண்டு வந்த இறைச்சியைப் பற்றியது. அறுக்கப்பட்டதா என்பதே தெரியாத இறைச்சிக்கு அதைப் பொருத்துவது முறையன்று.

இந்நாட்டின் சட்டமும் நம் வாக்குறுதியும்

மலைநாட்டின் வேட்டை வரலாறு நமக்கு ஒரு படிப்பினை. பிரித்தானியர் ஆட்சியில் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டுக் கொன்றதாகப் பதிவு உண்டு. 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். 1848 இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களோடு ஹோர்ட்டன் சமவெளியில் மரைகளைத் துரத்தினார். கோப்பித் தோட்டங்களுக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடுகள் வெட்டப்பட்டன. அன்று யானைக் கூட்டங்கள் உலவிய ஹோர்ட்டன் சமவெளியில் இன்று ஒரு யானை இல்லை.

அழிவின் அளவைக் கண்டு முதலில் விழித்துக்கொண்டோரில் வேட்டைக்காரர்களே இருந்தனர். 1894 இல் அவர்கள் வேட்டைப் பிராணிகளின் பாதுகாப்புக்காக ஒரு சங்கம் அமைத்தனர். பின்னர் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 2009 இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. காட்டுக்கோழி, மரை, மான், சிறுத்தை யாவும் இன்று சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருப்பதும் தனியான குற்றமாகும்.

அல்லாஹ் அனுமதித்ததை அரசாங்கம் தடுக்கலாமா என்று சில இளைஞர் கேட்கின்றனர். ஆகுமான ஒரு காரியத்தைப் பொது நலன் கருதி ஆட்சியாளர் கட்டுப்படுத்தினால், அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே நம் இமாம்கள் கூறிய சட்டம். சூரத்துல் மாயிதாவின் முதல் வசனத்தை ஒருமுறை பொருளோடு ஓதிப் பாருங்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடு அது தொடங்குகிறது. அதே வசனத்திலேயே வேட்டையின் வரம்பும் சொல்லப்படுகிறது. பிற சமயத்தவரோடு சேர்ந்து வாழும் இந்நாட்டின் சட்டத்தை மதிப்பது நாம் தந்துள்ள வாக்குறுதியின் ஒரு பகுதி. ஒருவன் செய்யும் குற்றம், அவன் பெயரோடு நில்லாமல் ஊரின் பெயரையும் சேர்த்தே இழுக்கும்.

காட்டு வான்கோழியின் கதையும் இதையே கூறுகிறது. கட்டுப்பாடற்ற வேட்டையாலும் காடழிப்பாலும், கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் அப்பறவை அழிவின் விளிம்புக்குச் சென்றது. வேட்டைக்குப் பருவம் குறித்து, அனுமதிப்பத்திரம் விதித்து, எஞ்சிய பறவைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டதால் இன்று அங்கே பல மில்லியன் வான்கோழிகள் உள்ளன. 1937 இல் அந்நாட்டில் வந்த சட்டமொன்று, துவக்கு, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. அங்கு வேட்டைக்குப் புதிதாக வருபவர் பெரும்பாலும் பாதுகாப்புப் பாடநெறி ஒன்றை முடித்த பின்பே அனுமதிப்பத்திரம் பெற முடியும். கைத்தொலைபேசியில் நீங்கள் காணும் காட்சிக்குப் பின்னால் இத்தனை ஒழுங்கு இருக்கிறது. நம் காட்டுக்கோழியோ உலகில் இலங்கையில் மாத்திரம் வாழும் பறவை. நம் தேசியப் பறவை. இங்கு அழிந்தால் கொண்டுவந்து விட வேறு காடு இல்லை.

வேட்டை உள்ளத்துக்கும் ஒரு சோதனை

இப்னு உமர் (ரழி) அவர்கள் ஒருமுறை வழியில் சில இளைஞரைக் கண்டார்கள். அவர்கள் ஒரு பறவையைக் கட்டி வைத்து, அதைக் குறியாக்கி அம்பெய்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். இவர்களைக் கண்டதும் அவர்கள் கலைந்தனர். உயிருள்ள ஒன்றைக் குறியாக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று இப்னு உமர் (ரழி) அவர்கள் எச்சரித்தார்கள். சிறு கல்லைச் சுண்டி எறிவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அது வேட்டைப் பிராணியை வீழ்த்தாது. பல்லை உடைக்கும், கண்ணைப் பறிக்கும் என்பது அவர்கள் தந்த காரணம். வேட்டையின் பின்னாலேயே அலைபவர் பொடுபோக்கில் விழுவார் என்ற எச்சரிக்கையும் ஹதீஸ் கிரந்தங்களில் வந்துள்ளது. விடியலுக்கு முன் காட்டுக்குள் இருப்பவரின் சுபஹுத் தொழுகை என்னாகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அன்புப் பெற்றோரே, பிள்ளையின் கையிலிருந்து உண்டிவில்லைப் பிடுங்குவதோடு கடமை முடிந்துவிடாது. காட்டின் மீதுள்ள அவனது ஆசைக்கு நல்ல வழி காட்டுங்கள். அம்பெய்தலை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள்; உயிரற்ற இலக்கில் அதைப் பழகலாம். மீன் அறுக்கப்படாமலே ஹலாலானது. அனுமதியுள்ள இடத்தில், பெரியவர் ஒருவரின் துணையோடு தூண்டில் போட்டுப் பொறுமையைக் கற்கலாம். ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்துச் சென்று மரையையும் காட்டுக்கோழியையும் உயிரோடு காட்டலாம். கம்பியில் சிக்கிய பிராணியைக் கண்டால் அருகில் செல்லாமல் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கவும் பழக்குங்கள். வேதனைப்படும் சிறுத்தை அருகில் வருபவரைத் தாக்கக்கூடும். மறுநாள் அவ்வழியே கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களுக்கும் ஆபத்து உண்டு.

இஹ்ராம் அணிந்திருந்த நபித்தோழர்களை அல்லாஹ் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு சோதித்தான். கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் அவை வந்தன. மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்பதை வெளிப்படுத்துவதே அச்சோதனையின் நோக்கம் என்று அல்லாஹ் அந்த வசனத்திலேயே கூறுகிறான். அவர்கள் கை நீட்டவில்லை. இளைஞனே, யாரும் பார்க்காத தேயிலை நிரையில் உன் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கும் காட்டுக்கோழியும் உனக்கு அத்தகைய சோதனையே. சேவலின் கூவல் கேட்டால் அல்லாஹ்வின் அருளைக் கேளுங்கள் என்றும், அது தொழுகைக்கு எழுப்புவதால் அதை ஏசாதீர்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். மலையின் அதிகாலையில் அக்குரல் கேட்கும்போது, வுழூச் செய்து தொழுகைக்கு நிற்பவனாக நீ இரு.

வல்ல அல்லாஹ் நம் உணவையும் உழைப்பையும் ஹலாலாக்கி வைப்பானாக! படைப்பினங்கள் மீது இரக்கம் கொள்ளும் உள்ளத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.